மனுக்கள் குழு முன்னால அஞ்சு நிமிஷம்: மலைக்கு என்ன கேக்கணும்?

ஜீப்புக்காரன் · திங்கள் இரவு 9.12

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. கன்னியாகுமரி மாவட்டம், பேச்சிப்பாறை அணைக்கு மேல, காட்டை ஒட்டி எனக்க ஊரு. பேரு இஞ்ச எழுதல, எழுதினா யாருன்னு தெரிஞ்சுபோவும். தொழில் ஜீப்பு ஓட்டம். வெளுப்புக்கு முன்ன ரப்பர் பால்வெட்டுக்குப் போற ஆளுகள ஏத்துவேன், பிறகு குலசேகரம் சந்தைக்கு ஓட்டம், ராத்திரி யாருக்காவது முடியலேன்னா ஆசுபத்திரிக்கு.

சட்டமன்ற மனுக்கள் குழு நம்ம மாவட்டத்துக்கு வருதாம். ஊர்க்காரங்க சேந்து மனு போடுறோம். கூப்பிட்டா நான்தான் பேசணும்னு தீர்மானம். அஞ்சு நிமிஷம் கிடைச்சாலே பெரிசு. எழுதி வச்சிருக்கேன், பாத்து திருத்தித் தாங்க:

"மாண்புமிகு குழுத் தலைவர் அவர்களே! இயற்கை அன்னையின் மடியில் வாழ்ந்தாலும் அடிப்படை மருத்துவ வசதியின்றிக் கண்ணீரில் மிதக்கும் மலைவாழ் மக்களின் சார்பாகத் தங்கள் பொற்பாதங்களில்..." இப்படி ஒரு பக்கம் போவும். பிறகு கோரிக்கை 14. மலையில மருத்துவமனை, சிறப்பு மருத்துவர்கள், ஸ்கேன், ரத்த வங்கி, ஆம்புலன்ஸ், பாலம், ரோடு, செல்போன் கோபுரம், எல்லாம் உண்டு.

ஒற்றைப்பனை · திங்கள் இரவு 9.40

பொற்பாதத்த முதல்ல வெட்டு தம்பி. மத்தது அப்புறம் பாப்போம்.

கோப்பு எண் · திங்கள் இரவு 10.05

தலைமைச் செயலகத்தில் பிரிவு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். மனுவை வாங்குகிற இடத்தில் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன்.

பதினாலு கோரிக்கை உள்ள மனுவை யாரும் மறுப்பதில்லை. பதினாலு துறைக்குப் பிரித்து அனுப்புவார்கள், பதினாலு இடத்திலிருந்தும் "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது" என்று கடிதம் வரும். மனுதாரருக்குச் சந்தோஷம், கோப்புக்கும் முடிவு. பாலம் நெடுஞ்சாலைத் துறையோ ஊரக வளர்ச்சியோ, கோபுரம் மத்திய அரசு விவகாரம், காட்டு வழி ரோடு வனத்துறை. நீங்கள் கேட்பது மக்கள் நல்வாழ்வுத் துறையிடம் என்றால் அந்தத் துறை கையெழுத்துப் போட்டு முடிக்கக்கூடிய ஒன்றைக் கேளுங்கள்.

இன்னொன்று. மனுக்கள் குழுவின் அறிவிப்பை முழுசாகப் படித்தீர்களா? ஒரு மனுவில் ஒரு துறையைச் சேர்ந்த ஒரே பிரச்சினைதான் இருக்க வேண்டும் என்று அதிலேயே போட்டிருப்பார்கள். ஐந்து நகல் வேண்டும். நீதிமன்றத்தில் இருக்கும் விஷயம், வேலை கேட்பது, கடன் கேட்பதெல்லாம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஜீப்புக்காரன் · திங்கள் இரவு 10.21

அறிவிப்ப வாட்சப்புல பாத்தேன், பாதிதான் தெரிஞ்சுது. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும்னா எத விடுவேன் அண்ணாச்சி? எல்லாமே இல்லாத ஊரு.

பழைய சிஸ்டர் · செவ்வாய் காலை 6.30

மக்ளே, நான் கிராம சுகாதார செவிலியரா இருந்தவ. கல்குளம் தாலுகாவுல மலையோரம் பத்து வருசத்துக்கு மேல நடந்திருக்கேன். தோட்டமலை, தச்சமலைக்கு அணையில வள்ளத்துல போவோம். தடுப்பூசிப் பெட்டிய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன், ஐஸ் உருகுமோ வள்ளம் கவிழுமோன்னு ரெண்டு பயமும் ஒண்ணா வரும்.

"கண்ணீரில் மிதக்கும்"னு எழுதாதே. கண்ணீரு அவங்க நிறைய பாத்தாச்சு. என்ன நடந்துச்சுன்னு எழுது. உனக்கு நடந்ததை எழுது. எத விடணும்னு பிறகு தானா தெரியும்.

ஜீப்புக்காரன் · செவ்வாய் இரவு 8.50

செரி சிஸ்டர். ரெண்டு வருசத்துக்கு முன்ன, ஐப்பசி மழையில, எனக்க அப்பாவுக்கு நடந்தது. நேரமெல்லாம் ஏன் தெரியுதுன்னா நான் டிரிப் நோட்டு எழுதுவேன். கிளம்பின நேரம், சேந்த நேரம், கிலோமீட்டர், டீசல். முதலாளிக்குக் கணக்குக் காட்டணும்.

காலை 4.50. அப்பா நெத்தி லைட்டு கட்டி பால் வெட்டிட்டு நின்னாரு. மூணாவது வரியில எட்டாவது மரமோ ஒம்பதாவதோ. சருகுக்குள்ள கால வச்சதும் கடி, கணுக்காலுக்கு மேல. பாம்பு குட்டையா, சருகு நெறத்துல இருந்துச்சாம். சிரட்டையில பால் விழுந்துட்டு இருந்துச்சு, அதை எடுத்து வாளியில ஊத்திட்டுத்தான் வந்தாரு. அந்த மனுசனுக்குப் பால் முக்கியம்.

5.05. வீட்டுக்கு நடந்தே வந்துட்டாரு.

5.20. ஊருக்குள்ள டவர் கிடையாது. கோயிலுக்கு மேல ஒரு பாறை உண்டு, அதுல ஏறி நின்னாத்தான் 108 கிடைக்கும். தம்பி ஏறிப் பேசினான். வண்டி வரும், ஆனா சப்பாத்துக்கு (வெள்ளம் மேல ஏறுற தாழ்ந்த பாலம்) இந்தப்பக்கம் வராது, நீங்க கொண்டு வாங்கன்னாங்க.

5.30. ஜீப்பு எடுத்தேன். சப்பாத்து மேல வெள்ளம் முட்டளவு. அரை மணிக்கூருக்கு மேல நின்னோம்.

6.40. முதல்ல போன அரசு சுகாதார நிலையம். பேரு சொல்லல. ராத்திரி டூட்டிக்கு ஒரே ஒரு நர்ஸ். டாக்டர் ஒம்பது மணிக்கு. விஷமுறிவு மருந்து ஃபிரிட்ஜுல இருக்கு, அந்தச் சிஸ்டரே காட்டினாங்க. ஆனா டாக்டர் இல்லாம நான் எப்படிப் போடுவேன்னாங்க. டிடி ஊசி, குளுக்கோஸ், ஒரு சீட்டு. அவங்களத் தப்பு சொல்ல மாட்டேன், கை நடுங்கிட்டு நின்னாங்க.

8.25. பெரிய ஆசுபத்திரி. முதல் மருந்து ஏறும்போது 8.50.

கடிச்சது 4.50, மருந்து 8.50. நாலு மணிக்கூர். பிறகு கிட்னி போச்சு. டயாலிசிஸ் 11 தடவ. ஆளு இருக்காரு, பால்வெட்டுக்குப் போவ மாட்டாரு.

நீரோடி அலை · செவ்வாய் இரவு 9.15

வாசிச்சுட்டு ஒரு நிமிசம் சும்மா இருந்துட்டேன் மக்கா.

கோப்பு எண் · செவ்வாய் இரவு 9.33

தம்பி, அந்த டிரிப் நோட்டைப் பத்திரமாக வையுங்கள். அது உங்களுக்கு டீசல் கணக்கு, எனக்கு ஆவணம். ஆஸ்பத்திரி டிரிப் மட்டும் தனியாக எண்ணிப் பார்க்க முடியுமா? எத்தனை, அதில் இரவு எட்டிலிருந்து காலை எட்டுக்குள் எத்தனை, முதல் மருத்துவர் கை படும் வரை எவ்வளவு நேரம்.

கோட்டாறு கபாலி · செவ்வாய் இரவு 10.02

எல்லாரும் மன்னிக்கணும், எதிர்க்கட்சி வேலை நான் பாக்கேன். குழுவுல இருக்கிற எம்.எல்.ஏ. வேற மாவட்டத்துக்காரர். அவர் கையில இருக்கிற குறிப்புல என்ன இருக்கும்? கன்னியாகுமரி, 2011 கணக்கெடுப்புல எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டுலயே முதலிடம். 1838லயே நெய்யூர்ல மிஷன் மருத்துவப் பணி ஆரம்பிச்ச மண்ணு. எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல் டாக்டர் வந்து தங்கி அறுவை சிகிச்சை பண்ணின ஊரு. ஆசாரிபள்ளத்துல காசநோய் ஆசுபத்திரி இருந்த இடத்துல 2001ல மருத்துவக் கல்லூரி. அது போக தனியார் கல்லூரி, சித்தா, ஆயுர்வேதம். தருமபுரி மலையும் ஜவ்வாது மலையும் காத்துக்கிட்டு நிக்கும்போது உங்களுக்கு என்னடே குறைன்னு கேப்பாரா மாட்டாரா?

அதுக்கு மேல, அதே கணக்கெடுப்புல நம்ம மாவட்டத்து ஆளுகள்ல 82 சதவீதம் நகரவாசி. ஐம்பதுக்கு மேல பேரூராட்சி இருக்குல்லா, அதனால. கடையால் கூட பேரூராட்சிதான். பலகையப் பாத்தா டவுன், உள்ள போனா ரப்பரும் மலையும். "கிராமப்புற சுகாதாரம்"னு நீ பேச ஆரம்பிச்சா, கிராமமே இல்லாத மாவட்டத்துல என்ன கிராமப்புறம்னு முடிச்சிருவாங்க.

டூட்டி டாக்டர் · செவ்வாய் இரவு 10.48

கபாலி சார் சொல்வதில் பாதி சரி. நகரம் என்ற முத்திரையால் திட்டம் போய்விடும் என்பது மட்டும் சரியில்லை. தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கம் 50,000க்கு மேல் மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கு. அதற்குக் கீழே உள்ள பேரூராட்சிகள் ஊரக இயக்கத்துக்குள்தான் வரும்.

ஆனால் சராசரி பற்றி அவர் சொன்னது நூற்றுக்கு நூறு. மாவட்டத்துக்கு நல்ல பேர் இருப்பதுதான் மலைக்கு எதிரி. நாகர்கோவிலையும் கோதையாறையும் சேர்த்து வகுத்தால் கோதையாறு காணாமல் போய்விடும்.

நெல்லிக்காய் · செவ்வாய் இரவு 11.10

பேரூராட்சி ஆனதில் உண்மையான நஷ்டம் கிராம சபை இல்லாமல் போனதுதான். ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு தடவை உட்கார்ந்து தீர்மானம் போடலாம். நவம்பர் 1 நமக்கு ரெட்டை விசேஷம், 1956ல் தாய்த்தமிழகத்தோடு சேர்ந்த நாளும் அதுதான். பேச்சிப்பாறை ஊராட்சி. ஜீப்புத் தம்பி ஊர் அதற்குள் வந்தால் ஒரு கிராம சபைத் தீர்மானம் போட்டு நகலை மனுவோடு இணையுங்கள்.

நீரோடி அலை · புதன் காலை 7.20

எல்லாம் செரி, மலை மலைன்னு பேசுறீங்க. கடக்கரை? நீரோடியில இருந்து ஆரோக்கியபுரம் வரைக்கும் எழுபது கிலோமீட்டர் சொச்சம் கரை. ஒக்கி புயல் அடிச்ச 2017 நவம்பர் 30 ராத்திரி எவனும் வரல, அது வேற கதை. இப்பவும் கடலுல மண்டை உடைஞ்சோ சுருக்குக் கயிறுல விரலு போயோ வந்தா, வள்ளம் கரை பிடிக்கவே ரெண்டு மணிக்கூரு. பிறகுதான் ஆட்டோ. மணவாளக்குறிச்சி மணலால வீட்டுக்கு வீடு கேன்சர். அதையும் மனுவுல சேருங்க.

டூட்டி டாக்டர் · புதன் காலை 8.05

அண்ணே, கோபப்படாதீங்க. "வீட்டுக்கு வீடு" என்று எழுதினால் எதிரில் இருக்கும் அதிகாரி ஒரே வரியில் மடக்கி விடுவார். மோனசைட் மணலால் நம் கரையில் இயற்கைக் கதிர்வீச்சு கூடுதல், அது உண்மை. ஆனால் இதே மாதிரி மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் பல வருடம் நடந்த ஆய்வு 2009ல் வெளிவந்தது. கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. அவர் அதைத்தான் எடுத்துப் போடுவார். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: நம் கரையிலேயே ஊர்வாரியாகக் கணக்கெடுங்கள் என்று. பயம் உண்மையா என்று பார்க்கச் சொல்வதை யாரும் மறுக்க முடியாது.

களியக்காவிளை வண்டி · புதன் காலை 8.31

கணக்கு எங்க கிடைக்கும்? விளவங்கோடு ஆளுகளெல்லாம் கேன்சர்னா நேரே திருவனந்தபுரம்தான். எனக்க மாமிக்கு அங்கதான் பாத்தோம். நம்ம காப்பீட்டு அட்டைய அங்க நீட்டினா பல இடத்துல திருப்பித் தந்துருவான். கையில இருந்த நகையெல்லாம் பார்டர் தாண்டிப் போச்சு. நோயாளி அவங்க ரெஜிஸ்டர்ல, கடன் நம்ம வீட்டுல.

நீரோடி அலை · புதன் காலை 8.44

செரி டாக்டர். எங்களுக்குத் தனியா ஒரு இழை போடுறேன். ஆனா ஒண்ணு, மலைக்காரன் பேசும்போது கரையையும் ஒரு வார்த்த சொல்லணும்.

கோப்பு எண் · புதன் காலை 9.10

சொல்லக் கூடாது. தனி மனு போடுங்கள், நானே எழுதித் தருகிறேன். ஒன்றோடு ஒன்றைக் கட்டினால் இரண்டும் மூழ்கும்.

ஒற்றைப்பனை · புதன் மதியம் 1.15

இந்த மனு கினு எல்லாம் வேலைக்காகாது. அரசு ரப்பர் கழகத்துத் தொழிலாளிக சம்பளத்துக்காக ரோட்டுல உக்காந்தப்பதான் பேச்சுவார்த்தைக்கே கூப்பிட்டாங்க. குலசேகரம் சந்திப்புல ஒரு மணிக்கூர் மறியல் போடு, கலெக்டர் வருவாரு.

பழைய சிஸ்டர் · புதன் மதியம் 2.40

தம்பி, மறியலுக்கு வந்த கலெக்டர் என்ன சொல்லுவாரு? "எழுத்துப்பூர்வமாக் கொடுங்க"ம்பாரு. அப்ப கொடுக்க ஒண்ணு கையில வேணும்லா? முதல்ல இத எழுதுவோம். உக்காரணும்னா உக்காருவோம், எனக்கும் முட்டு வலிதான், பாய் கொண்டு வாறேன்.

ஜீப்புக்காரன் · புதன் இரவு 9.30

நோட்டு எண்ணிட்டேன். போன பத்து மாசம். ஆசுபத்திரி டிரிப் 23. ராத்திரி எட்டுக்கும் காலை எட்டுக்கும் நடுவுல 14. பிரசவம் 4, அதுல ஒண்ணு ஜீப்புலயே ஆச்சு (பிள்ள நல்லா இருக்கு, எனக்கு மாமன் முறை ஆயிட்டு). பாம்பு 3. மத்தது நெஞ்சுவலி, மூச்சு, யானை கண்டு ஓடி விழுந்தது, குடிச்சுட்டு விழுந்தது. ராத்திரி 14லயும் முதல் டாக்டரப் பாக்க ரெண்டு மணிக்கூருக்குக் குறைஞ்சது ஒண்ணும் இல்ல. எனக்கே இப்பத்தான் தெரியும்.

கோப்பு எண் · புதன் இரவு 9.52

இதுதான் உங்கள் மனு.

அரசாங்கம் தலையை எண்ணும். சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மலை, பழங்குடிப் பகுதியில் 20,000 பேருக்கு. துணை சுகாதார நிலையம் அங்கே 5,000, இங்கே 3,000. உங்கள் மேல்மலையில் எல்லாக் குடியிருப்பையும் கூட்டினாலும் 20,000 தலை வராது. ஆகவே "மலையில் புது மருத்துவமனை" என்று கேட்ட நிமிடமே "நெறிமுறைப்படி தகுதி இல்லை" என்று எழுதிவிடலாம். தலையை வைத்து வாதாடினால் தோற்பீர்கள். கடிகாரத்தை வைத்து வாதாடுங்கள்.

டூட்டி டாக்டர் · புதன் இரவு 10.15

கடிகாரத்துக்கு மத்திய அரசு விதியிலேயே இடம் உண்டு. மலை, பாலைவனப் பகுதிகளுக்கு மக்கள்தொகையைப் பார்க்காமல், குடியிருப்பிலிருந்து 30 நிமிட நடைக்குள் துணை சுகாதார நிலையம் இருக்க வேண்டும் என்று தேசிய நலவாழ்வு இயக்கத்தின் வழிகாட்டுதலில் தளர்வு கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அது மலை மாநிலங்களில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களுக்கு. நாம் அதற்குள் நேரடியாக வரமாட்டோம்.

கோப்பு எண் · புதன் இரவு 10.29

வர வேண்டியதில்லை. கொள்கை ஏற்கப்பட்டிருக்கிறது என்பதே போதும். கோப்பில் இதற்கு ஒரு வாசகம் உண்டு: "சிறப்பினமாகக் கருதி, நெறிமுறையைத் தளர்த்தி". மனுவில் இந்த வாசகத்தை அப்படியே எழுதுங்கள். கீழே இருக்கும் உதவியாளர் குறிப்பு எழுதும்போது அதைத்தான் தேடுவார். அவர் வேலையை நாம் பாதி செய்து கொடுத்தால் கோப்பு நகரும்.

அடுத்து, காசு. கட்டடம் கேட்டால் ஒரு தடவைச் செலவு, சம்மதிப்பார்கள், திறப்பு விழாவும் வைக்கலாம். ஆள் கேட்டால் வருடா வருடம் சம்பளம், தொடர் செலவு, அது நிதித்துறைக்குப் போகும். அங்கே போன கோப்பு திரும்புவதற்குள் உங்கள் ஜீப்புக்கு எஃப்.சி. இரண்டு தடவை எடுத்துவிடலாம். இருக்கிற பணியிடத்தை இடம் மாற்றி அமர்த்துவது துறைக்குள்ளேயே முடியும். அதற்கான முன்மொழிவு வட்டார மருத்துவ அலுவலரிடமிருந்து மாவட்ட சுகாதார அலுவலருக்கு, அங்கிருந்து இயக்குநருக்கு மேலே போக வேண்டும். குழு வருவதற்கு முன்பே மாவட்ட சுகாதார அலுவலரைப் பார்த்து விடுங்கள். கூட்டத்தில் அவரைத் திடுக்கிட வைத்தால் மறுக்கத்தான் செய்வார். முன்னாலேயே தெரிந்தால் "பரிசீலனையில் உள்ளது" என்பார். அந்த ஒரு சொல் நிகழ்ச்சிக் குறிப்பில் ஏறினால் போதும்.

ஜீப்புக்காரன் · வியாழன் காலை 5.02

அப்ப 14ல எது? அப்பாவுக்கு ஆனதப் பாத்தா, மருந்து இருந்துச்சு, நர்ஸ் இருந்தாங்க, ஃபிரிட்ஜு இருந்துச்சு. டாக்டர் இல்ல. ராத்திரி டாக்டர், அது ஒண்ணுதானே?

டூட்டி டாக்டர் · வியாழன் காலை 7.40

ஆமாம். ஆனால் ஏன் இல்லை என்பதையும் கேளுங்கள், நானும் அந்த மாதிரி இடத்தில் வேலை பார்த்தவன். பகலெல்லாம் நூறு நூற்றைம்பது பேரைப் பார்த்த ஒரே டாக்டர், இரவிலும் அங்கேயே இருக்க முடியாது. இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வருவார், ஆறு மாதத்தில் மாறுதல் வாங்கிப் போவார். குவார்ட்டர்ஸ் ஒழுகும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது.

பிடித்து வைக்க ஒரு வழி இருக்கிறது, அரசுக்கு ஒரு பைசா செலவில்லை. அரசுப் பணியில் இருக்கும் டாக்டர் மேற்படிப்புக்குப் போக ஊக்க மதிப்பெண் உண்டு. கடினப் பகுதி, தொலைதூரப் பகுதி என்று அரசு பட்டியலிட்ட நிலையத்தில் வேலை செய்தால் அது கிடைக்கும். பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு மேற்படிப்பில் தனி இடம் ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. உங்கள் நிலையம் பட்டியலில் எந்த வகையில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். மதிப்பெண்ணுக்காகவாவது இளம் டாக்டர்கள் வருவார்கள், இரண்டு மூன்று வருடம் இருப்பார்கள். தியாகத்தை நம்பி ஒரு நிலையத்தை நடத்த முடியாது.

பாம்புக்கடிக்கு இன்னும் சின்ன விஷயம் ஒன்று. ரத்தம் உறைகிறதா என்று பார்க்க லேப் வேண்டாம். சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு சாய்த்தால் தண்ணீர் மாதிரி ஓடினால் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. நர்ஸே பார்க்கலாம். அந்தக் குழாய் இருந்து, டாக்டர் போனிலாவது இருந்திருந்தால், உங்கள் அப்பாவுக்கு ஏழு ஏழேகாலுக்கு முடிவு தெரிந்திருக்கும். அலர்ஜி வந்தால் சமாளிக்க ஆளில்லை என்ற பயத்தில்தான் எல்லாரும் கீழே அனுப்புகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது, அதனால்தான் டாக்டர் வேண்டும் என்கிறேன்.

மறைக்காமல் சொல்ல வேண்டியது: நம் மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும்தான். மேற்குமலைச் சருகில் கிடக்கும் குட்டையான மூக்கு தூக்கிய குழிவிரியனுக்கு அது கேட்காது. அதுவும் கிட்னியைப் பிடிக்கும். அப்பாவைக் கடித்தது எது என்று இப்போது சொல்ல முடியாது. ஆகவே "மருந்து சீக்கிரம் போட்டிருந்தால் கிட்னி தப்பியிருக்கும்" என்று மனுவில் எழுதாதீர்கள். "நாலு மணி நேரம் ஆனது" என்று மட்டும் எழுதுங்கள்.

ஜீப்புக்காரன் · வியாழன் காலை 7.58

இது எனக்குத் தெரியாது டாக்டர். ரெண்டு வருசமா அந்தச் சப்பாத்தத்தான் மனசுல திட்டிட்டு இருந்தேன்.

நெல்லிக்காய் · வியாழன் காலை 9.20

கூடுதலாக ஒரு தகவல். 2024 நவம்பரில் தமிழ்நாட்டில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக்கி விட்டார்கள். அதாவது அரசு, தனியார் எல்லா ஆஸ்பத்திரியும் கணக்குக் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கை வட்டாரவாரியாகக் கேளுங்கள். வெள்ளைத்தாள், 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை, பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபால். 30 நாளில் பதில் தர வேண்டும். குழு வருவதற்குள் வராவிட்டாலும் கேட்ட நகலை இணையுங்கள்.

பழைய சிஸ்டர் · வியாழன் மதியம் 3.05

பிரசவம் நாலும் யாருன்னு எனக்குத் தனியா சொல்லு மக்ளே. பிக்மி எண் (கர்ப்பிணிப் பதிவு எண்) போட்டிருந்தா தேதி எல்லாம் பதிவுல இருக்கும், உன் நோட்டோட ஒத்துப் பாக்கலாம். மலையோரத்துல பிரசவ தேதிக்கு முன்னாடியே வந்து தங்க அறை வைக்கிற ஏற்பாடு சில நிலையங்கள்ல உண்டு. அதை இந்த மனுவுல கேக்காதே, பகுதிச் சிஸ்டர்கிட்ட நான் பேசுறேன். மனு போட வேண்டியது எது, போன் போட வேண்டியது எதுன்னு தெரியணும்.

ஜீப்புக்காரன் · வெள்ளி இரவு 10.40

புதுசா எழுதினேன். வாசிச்சா ஒண்ணரை நிமிஷம்தான் வருது.

"ஐயா, நான் ஜீப்பு ஓட்டுநர். கடந்த பத்து மாதத்தில் எங்கள் மலைக்குடியிருப்புகளில் இருந்து 23 நோயாளிகளை நான் கொண்டுபோனேன். 14 பேர் இரவில். அந்த 14 பேரில் ஒருவர்கூட இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்க்கவில்லை. டிரிப் நோட்டின் நகலை இணைத்துள்ளேன். எங்கள் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டடம் இருக்கிறது, மருந்து இருக்கிறது, செவிலியர் இருக்கிறார். இரவில் மருத்துவர் இல்லை. மக்கள்தொகை குறைவு என்பது எங்களுக்குத் தெரியும். தூரத்தைச் சிறப்பினமாகக் கருதி, நெறிமுறையைத் தளர்த்தி, இரண்டாவது மருத்துவர் ஒருவரைப் பணியிட மாற்றம் மூலம் அமர்த்தி, இரவுப் பணியை உறுதிசெய்ய வேண்டும். அவர் நிலைத்திருக்க அந்த நிலையத்தைக் கடினப் பகுதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும்."

அப்பா கதைய எழுதல. கேட்டா சொல்லுவேன்.

கோப்பு எண் · வெள்ளி இரவு 11.02

கடைசி வாக்கியம் இரண்டாவது கோரிக்கை ஆகிறது. ஆனால் துறை ஒன்றுதான், இருக்கட்டும். ஐந்து நகல். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து.

ஒற்றைப்பனை · வெள்ளி இரவு 11.15

பொற்பாதம் போயாச்சு. கொள்ளாம்.

*(ஏழு வாரத்துக்குப் பிறகு)*

ஜீப்புக்காரன் · சனி இரவு 8.20

போயிட்டு வந்தேன். கலெக்டர் ஆபீஸ்ல காலை பத்துக்கு வரச் சொன்னாங்க, நம்ம மனு எடுத்தது மூணரைக்கு. அஞ்சு நிமிஷம் இல்ல, ரெண்டு நிமிஷமே கிடைச்சிருக்கும். வாசிச்சு முடிச்சதும் ஒரு உறுப்பினர், கண்ணாடி போட்ட பெரியவரு, "நோட்டக் காட்டுப்பா"ன்னாரு. அசல் கையில இருந்துச்சு. டீசல் கறையோட கொடுத்தேன். நாலு பக்கம் புரட்டிட்டு, பக்கத்துல இருந்தவர்கிட்ட "இதுல நேரம் எல்லாம் இருக்கு"ன்னு சொன்னாரு. மாவட்ட அதிகாரி எந்திரிச்சு, இரவு மருத்துவர் பற்றிய முன்மொழிவு பரிசீலனையில் உள்ளதுன்னாரு. ரெண்டு வாரம் முன்ன நானும் சிஸ்டரும் அவரப் பாத்திருந்தோம். கடினப் பகுதிப் பட்டியல் அரசு முடிவுன்னு சொல்லிட்டாங்க, அது அப்படியே நிக்குது.

வெளிய வந்து மலையப் பாத்துட்டு நின்னேன். சப்பாத்தப் பத்தி ஒருத்தரும் கேக்கல.

கோப்பு எண் · சனி இரவு 8.41

"பரிசீலனையில் உள்ளது" பதிவாகி விட்டதா? மூன்று மாதம் கழித்து இந்த வாசகத்தையும் தேதியையும் போட்டு நினைவூட்டு மனு. இதற்கிடையே உங்கள் தொகுதி உறுப்பினர் மானியக் கோரிக்கை விவாதத்தில் இதைக் கேட்டு, அமைச்சர் சபையில் "செய்கிறோம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அது அரசு உறுதிமொழிக் குழுவுக்குப் போகும். அந்தக் குழு நிறைவேற்றும் வரை விடாது. அவரை எப்படிப் பார்ப்பது என்று பேசுவோம்.

ஜீப்புக்காரன் · சனி இரவு 8.55

ஒரு நல்ல காரியமும் நடந்துச்சு. டாக்டர் சொன்ன குழாய் விசயத்த மாவட்ட ஆபீஸ்ல பேச்சோட பேச்சாச் சொல்லியிருந்தோம்லா. நேத்து நிலையத்துக்கு ஒரு பெட்டி வந்திருக்கு. அந்தச் சிஸ்டரே கூப்பிட்டுக் காட்டினாங்க. ஐம்பது குழாய்.

டூட்டி டாக்டர் · சனி இரவு 9.03

நல்லது! கண்ணாடிதானே? பிளாஸ்டிக்கில் ரத்தம் சரியாக உறையாது, எல்லாருக்கும் விஷம் ஏறினது மாதிரியே காட்டும்.

ஜீப்புக்காரன் · சனி இரவு 9.26

பாறைக்கு மேல ஏறி சிஸ்டர்கிட்ட கேட்டுட்டு வாறேன்னு போனேன். பிளாஸ்டிக்குதான் டாக்டர்.

பழைய சிஸ்டர் · சனி இரவு 9.31

பெட்டியப் பிரிக்காதீங்கன்னு சொல்லு. திங்கக்கிழமை நான் வாறேன். திருப்பிக் கொடுத்ததுக்கு ஒரு கையெழுத்து வாங்கணும்.